சிவப்புத் துணி

ஸ்டெல்லாமேரிக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் நாம் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடி, முகம் கொஞ்சமும் மாறாமல் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த நம்பிக்கையைக் கைவிட வேண்டியதாகிவிட்டது.

அவளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ‘வேட்டை வளையம்’ திரும்பி வருகிறது. ஒரு காலத்தில் சனிக்கிழமை ராத்திரிகளில் தெருவையே வெறிச்சோட வைத்த தொலைக்காட்சித் தொடர், ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்துவிட்டு இப்போது எழுந்து வருகிறது. அதில் டி.எஸ்.பி. கதிர்வேந்தன் மாடி விட்டு மாடி தாவியபோதெல்லாம், நிஜமாகத் தாவியது அவள் கணவர் அலெக்சாண்டர். கதாநாயகனுக்கு டூப். முகத்தை ஒருநாளும் காட்டாதவர். ஆனால் அவர் முதுகைப் பார்க்காத வீடு அப்போது கிடையாது.

கடைசி வருஷப் படப்பிடிப்பில் ஒரு பெட்ரோல் பீப்பாய் நேரத்துக்கு முந்தி வெடித்தது. அன்றைக்குப் போனது அவருடைய இடது காது. யூனிட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. காது கேட்காத ஸ்டன்ட்காரரை எவர் கூப்பிடுவார்? அதற்கப்புறம் தொடரும் நின்றுபோய், அவர் கோரிமேட்டில் ஒரு துணிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நின்றார். இப்போது ஒரு வருஷமாக வலது காதும் மங்கிக்கொண்டு வருகிறது. அது தெரிந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். மகள் அஞ்சலிக்குக்கூடத் தெரியாது.

குதிக்கச் சொல்லி மாஸ்டர் கத்துவது அவருக்குக் கேட்கப் போவதில்லை. ஒரு விநாடி முந்தினாலும் உயிர் போகும், பிந்தினாலும் போகும். உண்மையைச் சொல்லிவிட்டால் உயிர் தப்பும். ஆனால் இந்த மனுஷர் ஒன்பது வருஷமாகக் காத்துக் கிடந்த ஒன்று கையை விட்டுப் போகும், அவளையும் அவர் ஜென்மத்துக்கு மன்னிக்க மாட்டார்.

ஆகவே ஸ்டெல்லா நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அலெக்சாண்டரைத் தேடிக் கோயில் வாசலுக்கே வந்த சண்டைப் பயிற்சியாளர் அம்மாவாசை மாஸ்டரை மடக்கி, துறைமுகத்தில் இன்ஜின் சத்தம் ஜாஸ்தி, நீங்கள் கத்தினால் யாருக்குமே கேட்காது, பேசாமல் ஒரு சிவப்புத் துணியை வீசிக் காட்டுங்கள் என்றாள். மாஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. துணி ஆடுகிறவரைக்கும் அலெக்ஸ் நிற்கட்டும், துணி கீழே இறங்கினால் குதிக்கட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்தத் துணி இன்று காலையிலிருந்து அவள் கைப்பைக்குள் இருக்கிறது.

* * *

நெல்லித்தோப்பில் அவர்கள் குடியிருப்பது ஒரு மாடிப் போர்ஷன். கீழ் வீட்டு ஜெயம் காலையிலேயே படியேறி வந்துவிட்டாள்.

டி.வி. அலறிக்கொண்டிருந்தது. ‘வேட்டை வளையம் மீண்டும்’ என்று விளம்பரம். இடி மாதிரி இசை, அதற்கு மேல் கண்ணாடி உடைகிற சத்தம். அலெக்சாண்டர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயம் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் தொடர் வருகிற சந்தோஷம் புரிகிறது, அதற்காகத் தெருவுக்கே போட்டுக் காட்ட வேண்டுமா என்று ஜெயம் சிரித்துக்கொண்டே குத்தினாள். ஸ்டெல்லாவும் சிரித்து வைத்தாள். பெருமையில் சத்தம் கூட்டுகிறார்கள் என்று ஊர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். வேறு மாதிரி நினைக்காமல் இருந்தால் சரி.

ஜெயம் போனதும் இடியாப்பத்தை எடுத்து வைத்தாள். அவருக்கு வலது பக்கமாகப் போய்த்தான் நின்றாள். இந்த வீட்டில் எல்லாரும் அவருக்கு வலது பக்கம்தான் நிற்பார்கள், உட்காருவார்கள், பைக்கில்கூட வலது தோள் மேலாகத்தான் பேசுவார்கள். அஞ்சலி சின்னப் பிள்ளையிலிருந்து அப்படியே பழகிவிட்டாள். ஏன் என்று அவள் கேட்டதும் இல்லை.

"நான் இன்னைக்கி வரட்டுமாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைப் படித்துவிட்டு, "வாயேன். நீதான் ஒருநாளும் வந்ததில்லையே" என்றார்.

உண்மைதான். அவர் தாவுகிற இடத்துக்கு அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. வீட்டில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் பைக் சத்தம் கேட்கிறவரை உருட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் அவள் வேலை. இன்றைக்கு அப்படி உட்கார்ந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

சாப்பிட்டு எழுந்தவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். மாதா டாலர் கோத்த சங்கிலி. நெருப்பில் புகுந்தபோதும் கண்ணாடியை உடைத்தபோதும் கழுத்தை விட்டு இறங்காதது. மேக்கப்காரர்கள் எத்தனையோ முறை கெஞ்சியும், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டுங்கள், கழற்ற மாட்டேன் என்று சாதித்தவர் அவர். அதைத் தன் கையாலேயே கழற்றி, அஞ்சலி கழுத்தில் போட்டார்.

"எதுக்குப்பா?"

"தண்ணில குதிக்கிறேன்ல. வுழுந்துடும்."

போன தொடரில் கிணற்றில் குதித்திருக்கிறார். வீராம்பட்டினம் கடலில் குதித்திருக்கிறார். அப்போதெல்லாம் விழாத டாலர் இப்போது ஏன் விழப்போகிறது? ஸ்டெல்லாவுக்கு அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. வயசாகிறது, ஜாக்கிரதை கூடியிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். பயந்தவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது.

* * *

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கரையோரமாக ஓர் இரும்புக் கோபுரம் எழும்பியிருந்தது. படப்பிடிப்புக்காகக் கட்டியது. இரண்டு மாடிக்கு மேலேயே உயரம் இருக்கும். கதிர்வேந்தன் எதிரிகளிடமிருந்து தப்பி அதன் உச்சியில் ஏற, பின்னால் புகை எழும்ப, அங்கிருந்து வாய்க்காலில் குதிக்க வேண்டும். தொடர் திரும்பி வந்ததும் முதல் வாரத்தில் காட்டப்போகிற காட்சி அது.

படகுகள் வருகிற பாதையே அந்த வாய்க்கால்தான். துறைமுகத்தில் கட்டியிருந்தவற்றை நகரவிடாமல் வைத்திருந்தார்கள். கடலிலிருந்து திரும்புகிறவற்றை முகத்துவாரத்திலேயே நிறுத்திவைக்க யூனிட் ஆள் ஒருவனை அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் காலியாக, அசையாமல் கிடந்தது.

கதாநாயகன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தலைமுடிக்குச் சாயம் ஏறியிருந்தது. அலெக்சாண்டரைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டு, காதில் ஏதோ சொன்னார். இடது காதில். அலெக்சாண்டர் சிரித்துத் தலையாட்டினார். இந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவர் ஒன்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறார் என்று ஸ்டெல்லாவுக்கு அப்போது உறைத்தது.

யூனிட்காரர்கள் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அலெக்சாண்டர் நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

துணி வீசப் போவது அஞ்சலி. அதுவும் ஸ்டெல்லாவின் ஏற்பாடுதான். மகள் கையில் இருந்தால் அவர் கண் அதைவிட்டு அகலாது என்று கணக்குப் போட்டிருந்தாள். மக கையால நடக்கட்டும், ராசியா இருக்கும் என்று மாஸ்டரும் சொல்லிவிட்டார். கல்லூரிக்கு லீவு போட்ட சந்தோஷத்தில் அஞ்சலி கரை ஓரத்துச் சுவரின்மேல் ஏறி நின்றாள். கொம்பில் கட்டிய துணியைத் தூக்கிக் காட்டி அப்பாவுக்குச் சிரித்தாள். கோபுரத்தின் உச்சியில் அவர் ஒரு கையை உயர்த்தினார்.

ஸ்டெல்லா மீன் ஏலக்கூடத்தின் நிழலில் நின்றாள். அங்கே காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முத்தம்மாள் என்று பேர். அவள் புருஷன் பஞ்சநாதன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவன். இப்போது மற்றவர்களோடு முகத்துவாரத்தில் நிற்கிறானாம். மீன் வெயிலில் கெடுகிறது, இவர்களுக்கு ஷூட்டிங் கேட்கிறது என்று அவள் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புலம்பல் ஸ்டெல்லாவுக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

மாஸ்டர் கை காட்டினார். அஞ்சலி துணியை வீச ஆரம்பித்தாள்.

புகை வரவில்லை.

மெஷின் மக்கர் செய்தது. இரண்டு பேர் அதன்மேல் குனிந்து தட்டினார்கள், உதைத்தார்கள். வீசிக்கொண்டே இரு, நிறுத்தாதே என்று மாஸ்டர் அஞ்சலிக்குச் சைகை காட்டினார். நிறுத்தினால் அவர் குதித்துவிடுவார் அல்லவா? அவள் வீசினாள். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றி வீசினாள். சிவப்புத் துணி வெயிலில் படபடத்து ஆடியது.

முத்தம்மாளின் புலம்பல் நின்றது.

"எதுக்கு அந்தப் பொண்ணு துணி வீசுது?" என்றாள்.

குதிக்கிறவருக்கு அடையாளம் என்று ஸ்டெல்லா சொன்னாள்.

"அடையாளமா? கடல்ல துணி வீசுனா ஆபத்து, ஓடியான்னு அர்த்தம். பார்த்தவன் வலைய அறுத்துப் போட்டுட்டாவது வந்து சேரணும்." அவள் கூடையை விட்டு எழுந்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரு அங்கதான் நிக்கிறாரு. வந்துடுவாரு."

நெல்லித்தோப்பில் மீன் வாங்கித் தின்கிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? சென்னையிலிருந்து வந்த யூனிட்டுக்குத்தான் எங்கே தெரியும்? ஸ்டெல்லா முகத்துவாரப் பக்கம் திரும்பினாள். ஒரு ஃபைபர் போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கப் போன ஆள் மணல்திட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனை யார் பார்த்தார்கள்?

படகு நேராகத் துணியை நோக்கி வந்தது. துணிக்குப் பக்கத்திலேதான் கோபுரம். கோபுரத்துக்குக் கீழேதான் அவர் குதிக்க வேண்டிய தண்ணீர்.

யூனிட் மொத்தமும் அதைப் பார்த்துவிட்டது. குதிக்காதே, அலெக்ஸ், நில்லு என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக் கத்தினார்கள். மாஸ்டர் மெகாபோனை வாங்கிக் கத்தினார். கோபுரத்தின் மேலே நின்ற உருவம் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று அந்தக் கரையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முத்தம்மாள் ஓடினாள். அவள் புருஷனை வரவழைக்கிறது அந்தத் துணி. அது நின்றால் அவனும் நின்றுவிடுவான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

"துணிய எறக்கும்மா, எறக்கு!"

அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் ஸ்டெல்லாவுக்குக் கால் நகர்ந்தது. இறக்கினால் அவர் குதித்துவிடுவார். செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியாது. மீன் கழுவிய ஈரத்தில் வழுக்கி, முட்டி தேய்ந்து, எழுந்து ஓடினாள்.

"அஞ்சு, எறக்காதடி!"

அஞ்சலி இரண்டு குரலையும் கேட்டாள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் யாரோ ஒருத்தி. அவள் திகைத்து நின்ற நேரத்துக்குள் முத்தம்மாள் சுவரை எட்டிவிட்டாள். கொம்பைப் பிடித்து ஒரே இழுப்பு.

துணி கீழே இறங்கியது.

அலெக்சாண்டர் குதித்தார்.

* * *

தண்ணீர் வாரி அடித்தது. போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. இன்ஜின் ஒரு முறை உறுமிவிட்டு நின்றுபோயிற்று.

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். எண்ணெய் மிதக்கிற பச்சைத் தண்ணீர். நுரை அடங்கிக்கொண்டே வந்தது. ஜெபம் சொல்ல முயன்றாள். அருள் நிறைந்த மரியே என்பதற்கு அப்பால் ஒரு வார்த்தையும் வரவில்லை. வழி சொன்னது நான், துணி தந்தது நான், பிள்ளை கையில் கொடுத்ததும் நான் என்பதே திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது. பக்கத்தில் அஞ்சலி அழக்கூட மறந்து நின்றாள்.

போட்டின் மறுபக்கத்தில் பஞ்சநாதன் குனிவது தெரிந்தது. அக்குளில் கையைக் கொடுத்து அவன் ஓர் ஆளைத் தூக்கி உள்ளே போட்டான். அந்த ஆள் இருமினார்.

"வேற யாரு வுழுந்தது?" என்று பஞ்சநாதன் கரையைப் பார்த்துக் கேட்டான். அவன் காப்பாற்ற வந்தவன். தான் வந்ததால்தான் எல்லாம் என்று அவனுக்குத் தெரியாது.

அலெக்சாண்டரைக் கரையேற்றி உட்காரவைத்தார்கள். போட்டின் விளிம்பு உரசித் தோளில் தோல் உரிந்திருந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் அது தலையாக இருந்திருக்கும். யாரோ துண்டைப் போர்த்தினார்கள். அவர் எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவாசை மாஸ்டர் அவருக்கு இடது பக்கமாக வந்து குனிந்தார்.

"அலெக்ஸ்."

அவர் திரும்பவில்லை.

"அலெக்ஸ். டேய், அலெக்சாண்டர்."

முழங்கை தூரத்திலிருந்துதான் கூப்பிட்டார். அலெக்சாண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் பார்த்தார். டைரக்டர் பார்த்தார். புகை மெஷின்காரன்கூடப் பார்த்தான். ஒன்பது வருஷம் மூடி வைத்தது அந்த மூன்று கூப்பாட்டில் திறந்துகொண்டது.

மாஸ்டர் நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எத்தினி நாளா தங்கச்சி?"

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் புரிந்துகொண்டார். நாளைக்கு இவன் வர வேண்டாம், நான் சொல்றதா நீ சொல்றியா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அலெக்சாண்டர் மனைவியைப் பார்த்தார். "பார்த்தியா ஸ்டெல்லா, எப்படிக் கை தட்டுனாங்க" என்றார். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். "மேலருந்து பார்த்தேன். எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க."

அஞ்சலிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஸ்டெல்லா சுற்றிக்கொண்டு அவருக்கு வலது பக்கம் போனாள். ஈரத் தரையில் மண்டியிட்டு, வாயை அவர் காதோடு வைத்தாள்.

"அவங்க கை தட்டலங்க. குதிக்காதன்னு கத்துனாங்க. கீழ போட்டு வந்துச்சு."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"போட்டப் பார்த்தேன்."

"எப்ப?"

"துணி எறங்கறதுக்கு முன்னாடியே."

ஸ்டெல்லாவின் பார்வை மகளிடம் போயிற்று. அஞ்சலி கழுத்தில் கிடந்த மாதா டாலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். காலையில் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப்போன கேள்வி இப்போது மறுபடியும் வந்தது. காலையில் இருந்ததைவிடப் பல மடங்கு பயமாக வந்தது.

"அப்புறம் ஏன் குதிச்சீங்க?"

நல்ல காதில்தான் கேட்டாள். அவருக்குக் கேட்டுவிட்டது என்பதும் அவர் கண்ணில் தெரிந்தது.

அலெக்சாண்டர் மெல்ல முகத்தைத் திருப்பி, இடது காதை அவள் பக்கம் கொடுத்தார்.